பாட்டிலில் போட்ட மழை

தொட்டியைக் கழுவி முடித்துவிட்டு நானும் அண்ணனும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் முழங்கால் வரை சேறு அப்பியிருந்தது. சிமெண்டுச் சுவர் மட்டும் நாய் நக்கிய தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. தலைக்கு மேலே, ஆள் இறங்கும் சதுர வாய் வழியாகக் கறுத்த வானம் தெரிந்தது. அண்ணன் அண்ணாந்து பார்த்து, "இப்ப வரட்டும்டா" என்றான். விருந்தாளி வருவதற்குள் வீட்டைப் பெருக்கி முடித்தவனின் நிம்மதி அந்தக் குரலில் இருந்தது.

எங்கள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. நகராட்சிக் குழாய் பெரிய சாலையோடு நின்றுவிட்டது. தெருவில் மற்ற வீடுகளெல்லாம் லாரித் தண்ணீர் வாங்குகின்றன. நாங்கள் வாங்குவதில்லை. கூரைத் தகரத்தில் விழும் மழை, விளிம்போரம் மாட்டிய தகர வாய்க்காலில் ஓடி, குழாயில் இறங்கி, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இந்தத் தொட்டிக்குள் விழும். அதை வைத்துக்கொண்டு அடுத்த மழைவரை ஓட்ட வேண்டும். தெருக்காரர்கள் எங்களுக்கு 'மழைக் கம்பெனி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கம்பெனிக்கு முதலாளி அண்ணி. அண்ணனும் நானும் சம்பளமில்லாத ஆட்கள்.

அண்ணி வளர்ந்ததெல்லாம் வாடகை வீடுகளில். வீட்டுக்காரி கோபமாக இருந்தால் மோட்டார் ஓடாது. கோபம் தணிகிறவரை வாளியோடு அவள் வாசலில் நிற்க வேண்டும், அதுவும் சிரித்த முகத்தோடு. அப்படி நின்று நின்று அண்ணிக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. இந்த வீட்டுக்கு வந்த அன்றே, இனிமேல் எவர் வாசலிலும் வாளி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணனுக்கு டவுன்தான் பிடிக்கும். அவன் பஸ் டிரைவர். டிப்போ, டீக்கடை, கூட்டாளிகள் எல்லாம் அங்கே. இங்கிருந்து விடிவதற்குள் சைக்கிள் மிதிக்க வேண்டும். "கெட்டும் பட்டணம் சேர்னு சும்மாவா சொன்னாங்க" என்பான். "நாம இன்னும் கெடலையே" என்பாள் அண்ணி.

கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. மழைத் தண்ணீரை வைத்து ஒரு வருஷம் ஓட்டிக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு தண்ணீர் லாரி வீட்டு வாசலுக்கு வந்தாலும் வீட்டை விட்டுவிட்டு டவுனுக்குப் போய்விட வேண்டும். லாரி வந்தால் மூட்டையைத் தானே கட்டுவதாக அண்ணி சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அண்ணனும் அதை நம்பித்தான் ஒத்துக்கொண்டான்.

நான் இதற்கு நடுவில் வந்து சேர்ந்தவன். குளிர்சாதனக் கிடங்கு ஒன்றில் இரவு வேலை பார்த்தேன். ஒரு கட்டத்தில் பகலில் தூக்கம் வரவில்லை. பிறகு இரவிலும் வரவில்லை. பிறகு வேலைக்குப் போகவில்லை. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் இங்கே வந்தேன். யாரும் எப்போது போவாய் என்று கேட்கவில்லை. அண்ணன் 'ஆந்தை' என்று பெயர் வைத்தான், அதோடு சரி. அண்ணி எனக்குப் பின்னறையைக் கொடுத்தாள். அவளுடைய பாட்டில்கள் இருந்த அறை அது. மூன்று சுவரிலும் கூரைவரை பலகை. பலகை முழுக்க வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில்கள். தோல் உரித்த தக்காளி அதன் சாற்றோடு, பேரிக்காய்த் துண்டுகள் மெல்லிய சர்க்கரைத் தண்ணீரில், உப்பு நீரில் வெள்ளரி, புளித்த முட்டைக்கோஸ், உப்பில் ஊறிய எலுமிச்சை. நான்காவது சுவரோரம் என் கட்டில். பக்கத்தில் காயவைத்த பீன்ஸும் காளானும் துணிப்பைகளில் தொங்கும். கட்டிலில் படுத்தால் வினிகர் வாசனை அடிக்கும். அந்த அறையில்தான் எனக்குத் தூக்கம் திரும்பி வந்தது. ஏன் என்று ஆராயவில்லை. வந்ததை ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். மழைக்கு முன்னால் தொட்டியைக் கழுவ வேண்டும் என்பது அண்ணியின் சட்டம். வருஷம் முழுக்கப் படிந்த வண்டலின் மேல் புதுத் தண்ணீர் விழுந்தால் எல்லாம் கலங்கி நாறிப்போகும். ஒரு வாரமாக அவள் வானத்தைப் பார்த்துப் பார்த்து, "கழுவணும், மழைத் தண்ணி உள்ள விழறதுக்கு முன்னாடி கழுவணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்று அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம் அண்ணன் வேலை முடிந்து வரும்போதே வானம் இருட்டியிருந்தது. ஈர மண் வாசனை எங்கிருந்தோ வந்தது. ரேடியோவிலும் கனமழை என்றார்கள். தொட்டியில் இடுப்பளவு தண்ணீர் மிச்சமிருந்தது. அண்ணன் நீல டிரம்மில் ஒரு டிரம் தண்ணீரும், வீட்டில் இருந்த பாத்திரங்களிலெல்லாம் தண்ணீரும் பிடித்து வைத்தான். பிறகு அடி வால்வைத் திறந்துவிட்டான். மிச்சத் தண்ணீர் அத்தனையும் சரிவில் ஓடிப் புதருக்குள் போனது. நாங்கள் துடைப்பத்தோடு உள்ளே இறங்கினோம்.

சாயங்காலம் அண்ணி வந்தாள். நாங்கள் சேறும் சகதியுமாக வாசலில் நின்றோம், பரிசு வாங்கப் போகும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி. அண்ணன் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினான். அவள் எட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தண்ணி எங்க?"

"அதான் வருதே" என்று வானத்தைக் காட்டினான் அண்ணன்.

"மழை பெய்ய ஆரம்பிச்சதும்தான் தெறக்கணும். மொதத் தூறல் கூரையைக் கழுவும். அந்த நேரத்துல நாம தொட்டியைக் கழுவணும். மேகத்த நம்பி யாராவது தண்ணிய ஊத்துவாங்களா?"

அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றது. அவள் ஒரு வாரமாகச் சொன்னதில் பாதிதான் அவன் காதில் விழுந்திருந்தது. 'மழைக்கு முன்னால்' என்பதை அவன் பஸ் நேரம் மாதிரி எடுத்துக்கொண்டான். முன்னாலேயே போய் நின்றால் நல்லது என்று.

மறுநாள் காலை வானம் கழுவித் துடைத்த மாதிரி வெளுத்திருந்தது. எங்கள் தொட்டியைவிடச் சுத்தமாக.

கறந்த பால் மடி புகாது. அண்ணி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணனுக்கு நன்றாக இருந்திருக்கும். பாத்திரங்களில் இருந்த தண்ணீர் இரண்டு நாளில் தீர்ந்தது. டிரம்மை அவள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அது குடிக்க மட்டும். அதற்கு ஒரு கரண்டி, ஒரு மூடி, மூடிமேல் ஒரு செங்கல். உடம்பைத் துடைக்க ஆளுக்கு ஓர் ஈரத் துணி. கழிப்பறை தண்ணீர் ஊற்றாமல் மரத்தூள் போடும் வகை. அதைக் கட்டும்போது அண்ணன் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். இப்போது அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

டிப்போவிலிருந்து தினம் ஒரு கேன் கொண்டுவரட்டுமா என்று அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "கேன்னா என்ன, சின்ன லாரி" என்றாள் அண்ணி. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குடம் வந்தது. நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினாள், சிரித்த முகத்தோடுதான். அந்தச் சிரிப்பை எங்கே கற்றாள் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவள் என் அறைக்கு வந்தாள். பலகைகளுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். காயவைத்த பீன்ஸ் பையைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு மாட்டினாள். அதை ஊறவைக்கத் தண்ணீர் வேண்டும். வேகவைக்க மறுபடி தண்ணீர் வேண்டும். காயவைத்ததெல்லாம் தண்ணீர் கேட்டது. பாட்டிலில் போட்டதெல்லாம் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தது. போன மழைக்காலத்துக்குப் பிறகு அவள் போட்ட ஒவ்வொரு பாட்டிலிலும் தொட்டியின் தண்ணீர் இருந்தது, இல்லை காயின் சாறு இருந்தது. அந்தக் காயும் தொட்டித் தண்ணீர் குடித்து வளர்ந்ததுதான்.

இது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. ஒரு தக்காளிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். அன்று சோறு தக்காளிச் சாற்றில் வெந்தது.

அந்தப் பாட்டில்கள் அடுத்த அறுவடைவரை வர வேண்டியவை. கடைக்குப் போகாமல் இருப்பது என்ற அவளுடைய இன்னொரு பிடிவாதத்தின் முதுகெலும்பு அது. அடுப்பு முன்னால் நாள் கணக்காக வெந்து போட்டவை. என் கட்டிலுக்கு எதிரே ஒவ்வொரு தட்டாகக் காலியானது. வெள்ளரியின் உப்பு நீரைத் தக்காளிச் சாற்றோடு கலந்தால் வேறு உப்பு போட வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தாள். முட்டைக்கோஸின் புளித்த நீரில் உருளைக்கிழங்கு வேகவைத்தாள். முதல் நாள் முகம் சுளித்தோம், இரண்டாம் நாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். பேரிக்காயைச் சாப்பிட்டுவிட்டு அதன் சர்க்கரைத் தண்ணீரை மூன்று டம்ளரில் சரிசமமாக ஊற்றுவாள். மதிய வெயிலில் அதைக் குடித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. குளிர்சாதனக் கிடங்கில் எத்தனையோ இரவுகள் குளிரில் நின்றிருக்கிறேன். அந்த ஒரு டம்ளர் உள்ளே இறங்கின குளிர்ச்சிக்கு அதெல்லாம் உறை போடக் காணாது.

தட்டுகளைத் துணியால் துடைத்து வைத்தோம். அவரவர் தட்டை அவரவர் வழித்துச் சாப்பிட்டதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. உலகத்திலேயே சுத்தமான தொட்டியும் அழுக்கான மனிதர்களும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். மூன்று பேரும் நாறினோம். அதனால் யாருடைய நாற்றமும் யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் அண்ணியின் மனதில் கிடந்து உறுத்தியது. ஒரு மதியம் எலுமிச்சைப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"தம்பி, நீ கூட இருந்தியே. வேணும்னே செஞ்சாரா?"

எனக்குக் கேள்வி புரிந்தது. தொட்டி காய்ந்தால் லாரி வர வேண்டும். லாரி வந்தால் டவுனுக்குப் போக வேண்டும். டவுனுக்குப் போக ஆசைப்பட்டவன்தான் வால்வைத் திறந்தான். இதைக் கோக்க ஒரு ஊசிகூட வேண்டாம்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் வால்வைத் திறக்கும்போது அண்ணன் சீட்டியடித்தான். சந்தோஷமாக இருந்தாலும் சீட்டியடிப்பான், பஞ்சரானாலும் சீட்டியடிப்பான். அதை வைத்து நான் என்ன சொல்வது?

"தெரியல அண்ணி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பொய் சொல்லாததற்கு நன்றி என்கிற மாதிரியும் இருந்தது, இவனால் ஒரு உபயோகமும் இல்லை என்கிற மாதிரியும் இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. அண்ணனுக்குச் சோறு போடுவாள், துணி எடுத்து வைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவன் வெளியே போனதும் தொட்டியின் மேல் போய் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பாள். வானத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. தக்காளிச் செடிகள் வாடிக் கயிறாய்த் தொங்கின. அவற்றுக்கு ஊற்ற எங்களிடம் ஒன்றும் இல்லை. அவள் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். தோற்றால் மட்டும் போதாது, ஏமாற்றப்பட்டுத் தோற்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? வீட்டுக்காரி மோட்டாரை நிறுத்தினதற்கும் புருஷன் வால்வைத் திறந்ததற்கும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வீடு போவதுகூட அப்புறம்தான்.

மூன்றாம் வாரக் கடைசியில் கண்டக்டர் வந்தார். அண்ணனுடைய பஸ்ஸில் வேலை செய்கிறவர், குள்ளமான மனிதர், எப்போதும் படியில் நிற்கிறவர் மாதிரி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நிற்பார். அண்ணன் டியூட்டியில் இருந்த நேரம். அன்று அவருக்கு லீவு. அண்ணியைப் பார்த்து அக்கா என்று கும்பிட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு சோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். புதுச் சோப்பு, உறை பிரிக்காதது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அண்ணனைக் குளிக்கச் சொல்லுங்க."

அண்ணி அவரைப் பார்த்தாள். சோப்பைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்து விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் வரிசையில் இப்போது யாரும் உட்காருவதில்லையாம். ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் ஜனங்கள் பின்பக்கம் போய் நிற்கிறார்களாம். ஒரு அம்மா டிக்கெட் வாங்கிவிட்டு, வண்டி கிளம்புவதற்குள் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாளாம். இவர் அண்ணனிடம் நயமாகவும் சொல்லிப் பார்த்தாராம், பயமாகவும் சொல்லிப் பார்த்தாராம்.

"டிப்போலயும் தண்ணி இல்லையோன்னு நெனச்சேன்" என்றாள் அண்ணி.

"டிப்போலயா? ஷவர் இருக்குக்கா, அருவி மாதிரி கொட்டுது. பஸ்ஸே தெனம் குளிக்குது. ஓட்டறவருதான் குளிக்க மாட்டேங்கறாரு. தோளைப் பிடிச்சு உள்ள தள்ளினோம், அப்பவும் போகல. வீட்டுல தண்ணி வரட்டும், அப்புறம் குளிக்கறேங்கறாரு. என்னக்கா சபதம் இது?"

அண்ணி எழுந்து என் அறைக்குள் வந்தாள். கடைசித் தட்டில் இருந்த பேரிக்காய்ப் பாட்டில்களில் ஒன்றை எடுத்தாள். மூடியைத் திருகத் தெரியாதவள் மாதிரி அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் கட்டிலிலிருந்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கண்டக்டருக்கு ஒரு கிண்ணம் நிறையப் பேரிக்காயும் சர்க்கரைத் தண்ணீரும் கிடைத்தன. அவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் தண்ணீரின் விலை தெரியாமல், கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கை கழுவிக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டார். அண்ணி ஈரத் துணியைக் கொடுத்தாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். மேஜையில் சோப்பைப் பார்த்ததும் யார் வந்துபோனார்கள் என்று புரிந்துவிட்டது. கழற்றிய ஷூவைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"டிப்போல ஷவர் இருக்காமே" என்றாள் அண்ணி.

"இருக்கு."

"தண்ணியும் வருதாமே."

"வருது." ஷூவைக் கீழே வைத்தான். "தொட்டியத் தெறந்து விட்டவன் நான். நீங்க ரெண்டு பேரும் துணியில தொடச்சிக்கிட்டுக் கெடக்கும்போது, நான் மட்டும் அருவில நின்னு பாட்டுப் பாடறதா?"

அண்ணி உள்ளே போனாள். டிரம்மின் செங்கல்லை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கரண்டி அடியில் உரசும் சத்தம். அந்தச் சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து அவனிடம் கொடுத்தாள்.

"நாளைக்குக் குளிச்சிட்டு வாங்க. வரும்போது லாரிக்கும் சொல்லிட்டு வந்துருங்க."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். தொட்டி காலியான நாளிலிருந்து அவள் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சந்தேகம் இருந்தவரை அவளால் தோற்க முடியவில்லை. அது போனதும் முடிந்தது. டிரம் எப்படியும் மறுநாளைத் தாண்டாது. வீம்புக்காக யாரையும் தாகத்தில் போடுகிற ஆள் இல்லை அவள்.

மறுநாள் அண்ணன் போனதும் மூட்டை கட்ட ஆரம்பித்தாள். சொன்ன சொல்லை மறந்துவிட்டாயா என்று யாரும் கேட்கப் போவதில்லை, அதனாலேயே கட்டினாள். முதலில் காலிப் பாட்டில்கள். கழுவாத பாட்டில்கள்தான், கழுவ ஏது தண்ணீர். அவற்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். நான் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். டவுனில் வைக்க இடம் இருக்காதே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். எந்தக் கட்டில், யாருடைய கட்டில் என்பது பற்றி நாங்கள் பேசவில்லை. டவுனில் எனக்கு ஓர் அறை இருக்காது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லி அவள் பாரத்தைக் கூட்ட விரும்பவில்லை. அவளும் அதை யோசித்திருக்கிறாள் என்பது, "உனக்கு டவுன் வீட்டுக் கூடத்துல ஒரு தடுப்புப் போட்டுக்கலாம் தம்பி" என்று தாளைச் சுற்றிக்கொண்டே சொன்னபோதுதான் தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் தாள் கிழித்துக் கொடுத்தேன்.

மதியம் தாண்டி லாரி வந்தது. தெருவே எட்டிப் பார்த்தது, மழைக் கம்பெனி வாசலில் தண்ணீர் லாரி என்று. டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து அண்ணன் இறங்கினான். குளித்திருந்தான். தலையை வகிடெடுத்து வாரியிருந்தான். அத்தனை நாள் அழுக்குக்குப் பிறகு பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தான், பெண் பார்க்க வந்தவன் மாதிரி. அண்ணி கையில் செய்தித்தாளோடு வாசலில் நின்றாள். லாரியைப் பார்த்து அவள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

லாரிக்காரர் ஹோஸ் பைப்பை இழுத்துத் தொட்டியின் வாயில் செருகினார். தண்ணீர் விழுந்தது. காலித் தொட்டியில் அது விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டு என் தொண்டை தானாக விழுங்கியது. லாரித் தண்ணீர் என்று என் தொண்டைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எங்கேயோ ஒரு ஏரியிலோ ஆற்றிலோ பெய்ததுதானே இதுவும். யார் கூரையில் விழுந்தால் என்ன.

அண்ணன் தொட்டியின் மேல் ஏறி நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையைத் தூக்கினான்.

"போதும், நிறுத்துங்க."

"இன்னும் பாதிகூட ஆகலையே" என்றார் லாரிக்காரர்.

"பாதி போதும். மேல மழைக்கு எடம் வேணும்."

லாரிக்காரர், வாடகை முழு லோடுக்குத்தான், அப்புறம் பேசக் கூடாது என்றார். மீதியைத் தக்காளிச் செடிகளுக்குப் பிடிக்கச் சொன்னான் அண்ணன். அவர் வானத்தை ஒரு தடவை பார்த்தார், அண்ணனை ஒரு தடவை பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு பைப்பைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துப் போனார்.

அண்ணி அசையாமல் நின்றாள்.

"மூட்டை கட்டியாச்சு" என்றாள்.

"பிரிச்சிரு."

"லாரி வந்தா போறதுன்னு பேச்சு."

"மழை பத்தலேன்னா லாரி வரணும்னு பேச்சு. மழை பத்துச்சு. இடுப்பளவு இருந்துச்சு, நான் பாத்தேன். கொட்டினவன் நான். அதுக்கு நீ ஏன் வீட்ட விடணும்?" தொட்டியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டான். "டவுன் எங்கயும் ஓடிடாது. தெனம் பஸ்ஸோட அங்கதானே போறேன்."

அவள் கையில் இருந்த தாளைக் கசக்கினாள். மறுபடி பிரித்தாள். அப்படி ஒரு நிலைமையில் நான் அவளைப் பார்த்ததே இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, அந்தப் பெட்டிகளைப் பழையபடி உள்ளே கொண்டுபோய் வை என்றாள். பிறகு தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்தாள். விளிம்புவரை நிரப்பினாள், தளும்பித் தரையில் சிந்துகிற மாதிரி. கண்டக்டர் வைத்துவிட்டுப் போன சோப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நானும் அண்ணனும் வாசல்படியில் உட்கார்ந்தோம். லாரி போய்விட்டது. ஈரம் பட்ட செடிகளுக்கு அதற்குள் எழுந்திருக்கத் தெரியவில்லை, சாயங்காலம் ஆகும். உள்ளே மக்கால் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. ஊற்றி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஊற்றும் சத்தம். அவள் இந்த வீட்டில் இப்படிக் குளித்து நாங்கள் கேட்டதில்லை. தொட்டி நிறைந்திருந்த நாட்களில்கூட அளந்துதான் குளிப்பாள். மேகம் எதுவும் இல்லை. மழை அதற்கப்புறமும் பல நாள் வரவில்லை. ஆனால் அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு யாரிடமாவது எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

மக் வாளியின் அடியில் முட்டும் சத்தம் வந்தது.

"இன்னொரு வாளி வேணுமான்னு கேளுடா ஆந்தை" என்றான் அண்ணன்.

"நீயே கேளு."

அவன் எழுந்து, இன்னொரு வாளியை நிரப்பித் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினான்.